வீட்டில் ஆள் இல்லை

(நாகர்கோவிலில் ஒரு பார்சல் கம்பெனியின் ஹப். தகரக்கூரை. அட்டைப்பெட்டிகள் சுவர் முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் மேனேஜர் தலைக்கு மேலே. பூதப்பாண்டிப் பக்கம் தபால் கொடுத்து ஓய்வுபெற்ற மாமா, முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வருகிறார். மேனேஜர் நாற்காலியில் அவருடைய அக்காள் மகன்.)

மாமா: மருமவனே, நான் வீட்ல இருக்கனா இல்லையான்னு ஒன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லுடே.

மருமவன்: வாங்க மாமா. காலம்பறயே என்ன கேள்வி இது?

மாமா: முட்டுவலிக்கு ஒரு பெல்ட்டு ஆர்டர் போட்டேன். மூணு நாளா மெசேஜ் வருகு, 'வந்தோம், வீட்டில் ஆள் இல்லை'ன்னு. முட்டுவலிக்காரன் எங்ஙனடே போவேன்? மூணு நாளும் படிப்புரையிலதான் கெடந்தேன். கடைசி மெசேஜ் வரும்போ ஒங்க அத்த எனக்குச் சாயா தந்துட்டு நிக்கா.

மருமவன்: சிஸ்டம் இல்லன்னு சொன்னா இல்லதான் மாமா. மூணு அட்டெம்ப்ட், மூணும் நேரத்தோட பதிவாயிருக்கு. இந்த மாசம் நம்ம ஹப்புல அட்டெம்ப்ட் நூறு சதவீதம். ரீஜியன்லயே முதலிடம். அன்னா பாருங்க, கேடயம்.

மாமா: கேடயம் சரியா வந்து சேந்துட்டு. எந்தக் கம்பெனி மூலமா அனுப்பினானுவ?

மருமவன்: கேலி பண்ணாதீங்க மாமா. இது மாடர்ன் மேனேஜ்மென்ட். அளக்க முடியாதத நிர்வாகம் பண்ண முடியாது. இங்க எல்லாத்தையும் அளக்கறோம்.

மாமா: சரி, அளந்ததச் சொல்லு. ஒரு பயலுக்கு ஒரு நாளைக்கு எத்தன பார்சல்?

மருமவன்: நூத்துப் பத்து.

மாமா: லோடு எப்பம் வரும்?

மருமவன்: மதுரை லாரி காலம்பற ஆறுக்கு வரணும். வாறது பத்துக்கு. பிரிச்சு, ஸ்கேன் பண்ணி, பையில அடுக்கி ரைடர் வெளிய இறங்க பதினொண்ணரை ஆயிரும்.

மாமா: எத்தன மணிக்குள்ள முடிக்கணும்?

மருமவன்: அஞ்சு மணிக்குள்ள எல்லாப் பார்சலுக்கும் ஒரு அட்டெம்ப்ட் விழணும். அது கம்பெனி ரூல்.

மாமா: பதினொண்ணரையிலேர்ந்து அஞ்சு வரைக்கும் அஞ்சரை மணிக்கூர். முந்நூத்து முப்பது நிமிஷம். அத நூத்துப் பத்தால வகுத்தா பார்சலுக்கு மூணு நிமிஷம். அதுக்குள்ள வண்டிய நிறுத்தணும், வீட்டக் கண்டுபிடிக்கணும், நாயச் சமாளிக்கணும், ஓடிபி கேக்கணும், கண்ணாடி எடுத்துட்டு வந்து நான் அத வாசிக்கணும், காசு எண்ணணும், சில்லறை தரணும். சோறு தின்ன நேரம் நான் இதுல சேக்கல்ல, கேட்டியா? அந்தப் பய என்ன செய்வான்? நாலே முக்காலுக்கு ஒரு வேப்பமரத்தடியில வண்டிய நிறுத்திட்டு, பாக்கி உள்ள முப்பது வீட்டுக்காரனையும் வீட்ல இல்லன்னு ஆக்கிருவான். ஒனக்குக் கேடயம், எனக்கு முட்டுவலி.

மருமவன்: அப்படிச் செஞ்சா டிசிப்ளினரி ஆக்‌ஷன் உண்டு மாமா.

மாமா: செய்யாட்டா?

மருமவன்: டார்கெட் மிஸ்ஸாயிரும். அதுக்கும் ஆக்‌ஷன் உண்டு.

மாமா: கொள்ளாம். மாமன் சொத்து மருமவனுக்குன்னு நம்ம நாஞ்சில் நாட்டுல ஒரு வழக்கம் இருந்து, 1926-ல திருவிதாங்கூர் சர்க்கார் சட்டம் போட்டு அத மாத்திச்சுல்லா? நல்ல காலம். இல்லன்னா என் சைக்கிள் ஒன் கைக்கு வந்து, அதுக்கும் நீ டார்கெட் வச்சிருப்ப.

மருமவன்: மாமா, ரூட் பிளான் எல்லாம் மேப் பாத்து கம்ப்யூட்டர் போடுது. மனுசத் தப்பு வராது.

மாமா: மேப்பா? என் வீட்டுக்குக் குத்துன புள்ளி எங்ஙன விழுந்திருக்குன்னு பாத்தியா? குளத்துல. நம்ம மாவட்டத்துல பாதி ஊருக்குப் பேரு 'விளை'ன்னு முடியும். தெரு கிடையாது, நம்பர் கிடையாது, தென்னைக்கும் ரப்பருக்கும் இடையில ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு திக்கப் பாத்து நிக்கும். 'ஓடையத் தாண்டி மூணாவது வீடு'ன்னா அது மேல்விலாசம். அத மேப் படிக்காது. ரெண்டு மழைக்காலம் நடந்தவன்தான் படிப்பான். பூதப்பாண்டி ரூட்ல ஒரு பய வந்துட்டிருந்தானே, நல்ல பய, நடையில சத்தம் கேட்டாலே நாய் வாலாட்டும். அவன் எங்க?

மருமவன்: போன மாசம் போயிட்டான். கவலையில்ல, அட்ரிஷன் எல்லா இண்டஸ்ட்ரியிலயும் உண்டு. அவன் இடத்துக்கு ரெண்டு பேர் அன்னைக்கே வந்துட்டாங்க.

மாமா: ஆளு வந்துட்டான். அவன் மண்டைக்குள்ள இருந்த பூதப்பாண்டி வந்துட்டா? ஒருத்தன் சுத்துற ரூட்ட நாங்க 'பீட்'னு சொல்லுவோம். ஒரு பீட்டு ஒருத்தன் கையிலேயே வருஷக்கணக்கா கெடக்கும். யாரு பம்பாய்க்குப் போயிருக்கா, யாரு ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில கெடக்கா, எல்லாம் தபால்காரனுக்குத் தெரியும். அந்தப் பய எதுக்குப் போனான்?

மருமவன்: ஒரு சின்ன இஷ்யூ. ஆரல்வாய்மொழி ரூட் போட்டோம். காத்துல வண்டியோட விழுந்துட்டான்.

மாமா: ஆனி, ஆடியில அங்ஙன அடிக்கிற காத்துக்குத்தான் முப்பந்தல்ல காத்தாலையே நட்டு வச்சிருக்கான். அந்தக் கணவாயில, முதுகுல ஆளுயர அட்டைப்பெட்டியக் கெட்டி ஒருத்தன பைக்ல அனுப்பினியாக்கும். விழுந்தவன்கிட்ட என்ன கேட்ட?

மருமவன்: நான் கேக்கல. ஆப்தான் கேட்டுது: 'ஒன்பது நிமிடமாக வண்டி நிற்கிறது, காரணம் தேர்வு செய்க'ன்னு. டிராஃபிக், டயர் பஞ்சர், கஸ்டமர் தாமதம்... மூணு ஆப்ஷன் வரும்.

மாமா: 'விழுந்து கெடக்கேன்'னு ஒரு ஆப்ஷன் இல்லையா?

மருமவன்: அடுத்த வெர்ஷன்ல கேட்டிருக்கோம். பெட்டி நசுங்கினதுக்கு டெபிட் மட்டும் போட்டோம். அது ஆட்டோமேட்டிக்.

மாமா: சவத்த எடுத்து ஓடையில போடு. டெபிட் மட்டும் தானா வருகு, பாத்தியா? மருந்துக்காசு மட்டும் தானா வராது.

மருமவன்: மாமா, நாங்க ஒண்ணும் இரக்கமில்லாதவங்க இல்ல. பசங்களுக்கு ஸ்ட்ரெஸ் இருக்கறது எங்களுக்கும் தெரியும். அதுக்காகவே மன அழுத்த மேலாண்மை வகுப்பு நடத்தறோம், ஆன்லைன்ல. மூச்ச உள்ள இழுத்து நாலு எண்ணணும், வெளிய விட்டு நாலு எண்ணணும்.

மாமா: எப்பம்?

மருமவன்: ஞாயித்துக்கிழம காலையில ஏழு மணிக்கு. வராட்டா அரை நாள் கட்.

மாமா: வாரத்துல அவனுக்குச் சொந்தமா மூச்சு விடக் கிடைக்கது ஒரு நாள். அதையும் எண்ணி விடச் சொல்லுகியா? சரி, அது கெடக்கட்டு. அன்னா, பிரிக்கிற இடத்துல பிள்ளைகளு நிக்கே, காலம்பறயிலேர்ந்து நின்னுட்டா இருக்கு? உக்கார ஒரு ஸ்டூல் கூடக் காணோம்.

மருமவன்: உக்காந்தா வேகம் குறையும் மாமா.

மாமா: தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்கள் சட்டத்த 2021-ல திருத்தி, வேலை செய்யிற எல்லாருக்கும் இருக்கை போடணும்னு எழுதிட்டான். சட்டம் சட்டசபையில பாஸாயிட்டு. ஒன் ஹப்புக்கு இன்னும் டெலிவரி ஆகல்ல போல. கக்கூஸ் உண்டா?

மருமவன்: பக்கத்துல பெட்ரோல் பங்க் இருக்கே. ஆனா லோடு இறக்கற நேரத்துல போகக்கூடாதுன்னு ஒரு ஐடியா வச்சிருக்கேன். எல்லாரையும் உறுதிமொழி எடுக்க வைக்கலாம்னு...

மாமா: அத ஒனக்கு முந்தியே ஒருத்தன் செஞ்சு பாத்துட்டான், மக்கா. 2024 மே மாசம், ஹரியானா மானேசர்ல, அமேசான் கோடவுன்ல. இருபத்து நாலு அடி லாரி ஆறு வண்டி லோடு இறக்கி முடிக்கது வரைக்கும் தண்ணி குடிக்கவும் போகமாட்டோம், கழிப்பறைக்கும் போகமாட்டோம்னு சத்தியம் வாங்கினதாட்டுப் பத்திரிகையில வந்தது. தேசிய மனித உரிமை ஆணையம் தானாவே அத எடுத்து மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு நோட்டீஸ் விட்டுது. அமெரிக்காவுல இதே கம்பெனி, எங்க டிரைவருமாரு பாட்டில்ல மூத்திரம் போறாங்கன்னா நம்புவீங்களான்னு 2021-ல எளக்காரமாக் கேட்டுட்டு, கொஞ்ச நாளுலயே, ஆமா, போக வேண்டி வருகுதான்னு மன்னிப்புக் கேட்டுது. ஒன் ஐடியா ரெண்டு கண்டத்துல நாறியாச்சு.

மருமவன்: அது சரி மாமா, ஒண்ணு புரிஞ்சிக்குங்க. ரைடர்ங்க எங்க எம்ப்ளாயி கிடையாது. டெலிவரி பார்ட்னர். சுதந்திரமானவங்க.

மாமா: எந்தக் கூட்டு யாவாரத்துலடே ஒரு கூட்டாளி மத்தவனுக்கு டீசர்ட்டுக்கும் பைக்கும் காசு பிடிக்கான்? பேர மாத்தினா சட்டம் தேடிக் கண்டுபிடிக்காதுன்னு நினைக்காத. 2020-ல போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-லேர்ந்து நடைமுறைக்கு வந்தாச்சு. அதுல 'கிக்' தொழிலாளி யாருன்னு எழுதியிருக்கு. இந்த மாதிரி ஆப் வச்சு ஆள் ஓட்டுற கம்பெனி, வருஷ விற்றுமுதல்ல நூத்துக்கு ஒண்ணு, ரெண்டு இவனுவ நலனுக்குன்னு ஒதுக்கி வைக்கணும்னும் எழுதியிருக்கு. நம்ம சர்க்காரும் 2023-ல இவனுவளுக்குத் தனி நல வாரியமே அமைச்சுட்டு. ஒன் பயலுவள்ல எத்தன பேரு அதுல பதிஞ்சிருக்கான்?

மருமவன்: அந்த நம்பர் டேஷ்போர்டுல வராது மாமா.

மாமா: வராது. அந்த ஒண்ண மட்டும் நீ அளக்க மாட்ட.

மருமவன்: நீங்க பேசறது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒங்க தபால் துறை மட்டும் ஒழுங்கா? கிராமத்துல தபால் குடுக்கற டாக் சேவக்குக்கு என்ன மரியாதை? காகிதத்துல நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் வேலைன்னு இருக்கும். மத்த தபால்காரருக்கு உள்ள அந்தஸ்து கிடையாது. அது சர்க்கார் பண்ற மேனேஜ்மென்ட்!

மாமா: உள்ளதச் சொன்ன. அந்தக் கேட்ட நான் மூடி மறைக்கல்ல. அதுக்காக யூனியன் கொடி பிடிச்சு நானும் வெயில்ல நின்னவன்தான். ஆனா அவன் காத்துல விழுந்தா ஒன்பது நிமிஷத்துக்கு நாங்க கணக்குக் கேட்டதில்ல. இன்னொண்ணு கேளு. இந்த ஊரு திருவிதாங்கூர்ல இருந்த காலத்துல 'அஞ்சல்'னு தனித் தபால் உண்டு. 1951-லதான் இந்தியத் தபாலோட சேந்தது. அஞ்சலோட்டக்காரன் மணி கெட்டின கம்பப் பிடிச்சுட்டு ஓடுவான். மணிச்சத்தம் கேட்டா எதுக்க வாறவன் ஒதுங்கி வழிவிடணும். ஓடுறதும் ஒரு எல்லை வரைக்கும்தான். அங்ஙன அடுத்தவன் காத்து நிப்பான், பைய வாங்கிட்டு அவன் ஓடுவான்.

மருமவன்: அது மகாராஜா காலம் மாமா. அவங்களுக்கு நேரம் இருந்தது.

மாமா: மகாராஜாவுக்குக் கருணைன்னு நான் சொல்லல்ல. ஒரு மனுசன் கால் எம்புட்டுத் தூரம் ஓடும்னு அந்தக் கச்சேரியில ஒருத்தன் யோசிச்சிருக்கான். ஒன் கம்பெனியில அதுக்கு ஒரு ஆளு இல்ல. ஜப்பான்ல கூட 2024 ஏப்ரல்லேர்ந்து லாரி டிரைவருக்கு ஓவர்டைம் வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல கூடாதுன்னு வரம்பு வச்சாச்சு. பார்சல் பிந்தினாலும் போட்டுன்னு ஒரு நாடே முடிவு பண்ணியிருக்கு.

(போன் அடிக்கிறது. மருமவன் சட்டென்று எழுந்து நிற்கிறான்.)

மருமவன்: எஸ் சார்... சாரி சார்... கேடயம் வாங்கின ஹப்புதான் சார்... லாரி லேட்டு சார்... இல்ல சார், காரணம் சொல்லல சார்... அடுத்த வாரம் நூத்து இருபது ஆக்கிடறேன் சார்... தேங்க் யூ சார்.

மாமா: யாருடே அது? ஒனக்குக் கை நடுங்குகே.

மருமவன்: ரீஜனல் மேனேஜர். சென்னை. நேத்து ராத்திரி பன்னெண்டு மணிக்கும் கூப்பிட்டாரு. அவர பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் கூப்பிடுவாரு. தூங்கி ரெண்டு மாசம் ஆச்சு மாமா. வீட்டுக்குப் போனாலும் ஒரே வெப்ராளம்.

மாமா: மூச்ச இழுத்து நாலு எண்ண வேண்டியதுதானே?

மருமவன்: மாமா...

மாமா: சரி, விடு. லாரி நாலு மணிக்கூர் பிந்துகுன்னு சென்னைக்காரனுக்கு எழுத்துல குடுத்தியா?

மருமவன்: குடுத்தா என் வேலை போயிரும்.

மாமா: குடுக்காததுனால இப்பம் நூத்து இருபது ஆக்கியிருக்க. ஒரு பார்சலுக்கு மூணு நிமிஷம்கூட இல்ல இனி. மேலேர்ந்து திட்டு கீழ வருகு, தங்குதடை இல்லாம. கீழ உள்ள உண்மை மேல போகல்ல. அத மேல கொண்டுபோய்ச் சேக்கதுதான் மேனேஜர் சோலி. அந்த ஒரு பார்சல நீ எடுக்கவே இல்ல.

மருமவன்: இப்ப நான் என்னதான் செய்ய?

மாமா: லோடு பிந்தின அன்னைக்கு எண்ணத்தக் குறை. ஒரு ரூட்ட ஒருத்தன் கையிலேயே விடு. விழுந்தவன்ட்ட, அடி பட்டுதாடேன்னு முதல்ல கேளு. பெட்டியப் பத்திப் பொறவு கேக்கலாம். நாளைக்கே எல்லாப் பயலுவளையும் வாரியத்துல பதிய வை.

மருமவன்: கம்பெனி ஒத்துக்கணுமே மாமா.

மாமா: ஒத்துக்கிடாட்டாலும் கணக்கு மாறாது. லாரி நாலு மணிக்கூர் பிந்துனது கம்பெனி குத்தம். அந்த நாலு மணிக்கூரையும் பைக் ஓட்டுறவன் முதுகுல ஏத்துனது ஒன் குத்தம். அதுக்கு மன அழுத்தம்னு ஒரு பேரு போட்டு, அவனுக்கு மூச்சு விடச் சொல்லிக்குடுக்காண்டாம். லாரிய நேரத்துக்கு வரச் சொல்லு.