சூசையப்பர் கட்சி

குடில் ஜோடித்த வீட்டுக்குப் போனால் ஒரு நிமிஷம் நின்று சூசையப்பரைப் பாருங்கள். மாதா குழந்தையையே பார்த்துக்கொண்டிருப்பார். இடையர்கள் மண்டி போட்டிருப்பார்கள். ராஜாக்கள் கையில் ஆளுக்கொரு பெட்டி. மாடுகூட, குழந்தைக்குக் குளிரக் கூடாதென்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்று பாட்டிமார் சொல்வார்கள். சூசையப்பர் மட்டும் ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். 'இன்னும் ஏதாவது வாங்கிட்டு வரணுமா?' என்று கேட்கிற முகம். கல்யாணமான நாளிலிருந்து நான் கண்ணாடியில் பார்க்கிற முகம் அதுதான்.

எங்கள் வீட்டுச் சூசையப்பருக்கு மூக்கு வேறு போய்விட்டது. ஒரு வருஷம் பரணிலிருந்து இறக்கும்போது அட்டைப்பெட்டி கைதவறியது. மாதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒட்டகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, இவருக்கு மட்டும் மூக்கும் தடியும் போயின. எம்சீல் வைத்து நானே மூக்கு செய்தேன். தடிக்கு ஊதுபத்திக் குச்சி. மூக்கு கொஞ்சம் தாராளமாக அமைந்துவிட்டது. புது சுரூபம் வாங்கலாமா என்று வீட்டுக்காரியைக் கேட்டேன். "எதுக்குங்க? அவரு ஓரமா நிக்கிறவர்தானே" என்றாள்.

அந்த ஓரமா நிற்கிறவரைக் காவிய நாயகனாக்கியவர் ஒருவர் உண்டு. இத்தாலியில் பிறந்தாலும் அவரை எங்கள் பக்கத்து ஆள் என்றே சொல்லிக்கொள்வேன். விருத்தாசலத்துப் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் கட்டிய வீரமாமுனிவர். 1726இல் தேம்பாவணி பாடினார். நாயகன் சூசையப்பர். பாட்டு 3,615. விவிலியத்தைப் புரட்டிப் பாருங்கள், சூசையப்பர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கிடையாது. பேசாத மனுஷனுக்கு 3,615 பாட்டு! இதை நான் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் பெருமையோடு எடுத்துச் சொன்னேன். "பேசாம இருந்தாரு, அதான் பாட்டு" என்று ரசத்தை ஊற்றிவிட்டுப் போனாள். முனிவர் துறவி என்பதையும் மறக்கக் கூடாது. சம்சாரியாக இருந்திருந்தால் கடவுள் வாழ்த்தோடு எழுந்து பால் வாங்கப் போயிருப்பார்.

வீட்டுக்காரிக்கு எறையூர். உளுந்தூர்பேட்டைப் பக்கம், ஜெபமாலை மாதா கோயிலும் பாஸ்கா நாடகமும் உள்ள வேதக்கார ஊர். அந்த ஊரில் பிறந்தவளுக்குக் கிறிஸ்மஸ் பற்றிக் கள்ளக்குறிச்சி டவுன்காரன் யோசனை சொல்லக் கூடாது. நான் சொல்வதும் இல்லை. போதாததற்கு டிசம்பர் பாதியில் மாமியார் வந்துவிடுவார். எங்கள் கட்சி மொழியில் சொன்னால், மேலிடப் பார்வையாளர்.

முதல் சோதனை நட்சத்திரம். ஸ்டார் கட்டுவது ஆம்பளை வேலை என்று எந்தத் திருச்சங்கத்தில் முடிவானதோ தெரியாது. ஏணி எதிர்வீட்டுக்காரருடையது. ஏணி கேட்டால் ஏணியோடு அவரும் வருவார், அவரைப் பார்த்துத் தெருவே வரும். நான் மாடிக் கைப்பிடியில் ஒரு காலும் ஏணியில் ஒரு காலுமாகத் தொங்கும்போது கீழேயிருந்து, "சார், கொஞ்சம் கெழக்கால", "இல்ல சார், இப்படி வாங்க" என்று ஆளாளுக்குத் திசை சொல்வார்கள். ஒருவழியாகக் கட்டி முடித்து ஸ்விட்சைப் போட்டால் எரியாது. கழற்றிக் கீழே கொண்டுவந்தால் எரியும். மேலே கட்டினால் எரியாது. எதிர்வீட்டுக்காரர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அதுக்கு ஒயரம் ஒத்துக்கல சார்" என்றார்.

கடைசியில் எரிந்தது. அன்று ராத்திரியே வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. நான் ஸ்டார் கட்டுவதற்காகவே அது காத்திருக்கும். காலையில் பார்த்தால் பேப்பர் எல்லாம் கரைந்து, உள்ளே இருந்த பல்பு மட்டும் நிர்வாணமாக எரிந்துகொண்டிருக்கிறது. "மூணு ராஜாவும் இத நம்பி வந்திருந்தா பண்ருட்டியோட திரும்பியிருப்பாங்கப்பா" என்றாள் கல்லூரியில் படிக்கிற பெரியவள்.

அவள் பொறுப்பில்தான் குடில். மற்ற வீடுகளில் பழைய சிமெண்ட் பையைக் கசக்கிப் பச்சை மை தெளித்தால் அது பெத்லகேம். இவளுக்கு அது போதவில்லை. இந்த வருஷம் கல்வராயன் மலையையே வைக்கப்போவதாக அறிவித்தாள். "பெத்லகேம் மலை ஊர்ப்பா. கடல் மட்டத்துல இருந்து 2,500 அடி. சின்னக் கல்வராயனும் கிட்டத்தட்ட அதே உசரம்தான்." எறையூர்த் தரப்பு ஆட்சேபித்தது. அவள் அசிசியாரை இழுத்தாள். "மொதல் குடில் யாரு வெச்சது? 1223ல பிரான்சிஸ் அசிசியார். கிரேச்சியோன்னு இத்தாலியில ஒரு மலையோர ஊரு. அந்த ஊரு வைக்கோல், அந்த ஊரு மாடு, அந்த ஊரு கழுதை. பெத்லகேம்ல இருந்தா பார்சல் வந்துச்சு?" மேலிடப் பார்வையாளரே வாயடைத்துப்போனார். நான் மகளைப் பெருமையாகப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. "அப்பா, அப்ப நீ போய் சாமான் வாங்கிட்டு வந்துடு."

ராஜாக்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தார்கள். எங்கள் ராஜாக்கள் சாமை, தேன், கடுக்காய் கொண்டுவர வேண்டுமாம். சாமைதான் பொன், கடுக்காய் கசப்புக்கு. தூபத்துக்குத் தேன் எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். "அத மட்டும் கேள்வி கேளு" என்றாள்.

கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குக் கிளம்பினேன். கோமுகி அணையைத் தாண்டினதும் ரோடு ஏற ஆரம்பிக்கும், என் வண்டி யோசிக்க ஆரம்பிக்கும். மார்கழிப் பனி. எதிரே மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குகிற வண்டி ஒவ்வொன்றும் வளைவில் திடீரென்று தரிசனம் கொடுக்கும். ஹெல்மெட்டுக்குள் மாமியாரின் குரங்குக் குல்லா, அதற்குள் நான். மேலே தேன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கேழ்வரகுக் கதிர் இரண்டு, கூரை வேயக் கொஞ்சம் புல், சாமை, கடுக்காய் எல்லாம் வேண்டும், வீட்டில் மலை செய்கிறோம் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மலைய எதுக்கு சாமி கீழ கொண்டுபோற? நீங்கதான் நாலு பேரு மேல வந்துட்டாப் போச்சே." பதில் தெரியாமல் தேன் ஒரு பாட்டில் கூடுதலாக வாங்கினேன். பதில் தெரியாத இடத்திலெல்லாம் நான் எதையாவது வாங்கிவிடுவேன்.

குடில் பிரமாதமாக எழும்பியது, ஒத்துக்கொள்ள வேண்டும். கோமுகி அணைக்கு என் ஷேவிங் கண்ணாடி. பெரியார் அருவிக்கு என் மழைக்கோட்டின் பாலித்தீன். ஒட்டகங்கள் கச்சிராயபாளையம் அடிவாரத்தில் நிற்கின்றன, கொண்டையூசி வளைவில் ஏறாதாம். கூடம் முழுக்க மலை. நான் டிவி பார்க்கிற நாற்காலி இருந்த இடத்தில் வெள்ளிமலை. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது, பிறகு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கள் கூடத்தை எந்த அரசாங்கம் மீட்டுக் கொடுக்கும்?

புல்வெளி மட்டும் என் இலாகா. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்றே தட்டுகளில் கேழ்வரகு தெளித்துவிட்டேன். கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் முன்னால் தெளித்தால் போதும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குச் சொல்லத்தான் யாருமில்லை. வேளாவேளைக்குத் தண்ணீர் விட்டேன். அது என்மேல் பிரியம் வைத்து வளர்ந்தது. இடையர்கள் கழுத்தளவு பயிரில் நிற்கிறார்கள். ஆடுகளைக் காணவில்லை. சம்மனசின் இறக்கை மட்டும் வெளியே தெரிகிறது. மாமியார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "இருக்கட்டும் மாப்ள, தை பொறந்ததும் அறுத்துக்கலாம்."

பலகாரத்தில் எனக்கு ஒரே வேலை, முறுக்குப் பிழிவது. பலம் வேண்டுமாம். மற்ற பதினோரு மாதமும் என் பலத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. உற்சாகத்தில் அதிரசத்திலும் கை வைத்தேன். நாலு பக்கமும் கரும்பு விளைகிற ஊரில் பிறந்துவிட்டு வெல்லப் பாகு தெரியாதா என்கிற திமிர். பாகைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். உருட்டினேன், வந்தது. வந்ததா, வந்த மாதிரி இருந்ததா என்பதில்தான் அதிரசமே இருக்கிறது. எண்ணெயில் போட்டதும் மாவு நாலா பக்கமும் பிரிந்து போய்விட்டது. மாமியார் சட்டியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, அந்த ஸ்டாரு எரியுதான்னு போய்ப் பாருங்க."

அடுத்தது தட்டு விநியோகம். தீபாவளிக்கு எந்த வீட்டிலிருந்து எத்தனை அதிரசம் வந்தது, பக்ரீதுக்குப் பாய் வீட்டிலிருந்து வந்த டிபன் பாக்ஸ் எது, எல்லாம் வீட்டுக்காரி மனதில் கணக்காக இருக்கும். வந்த பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது. அதில் நான் தூக்குகிற ஆள். கேக்கில் இரண்டு வகை, முட்டை போட்டது, போடாதது. சைவ வீடுகள் தெருவில் இருக்கின்றன, அதனால் தெளிவாக ஓர் ஏற்பாடு: மேலே செர்ரி இருந்தால் முட்டை இல்லாதது. நான் மனப்பாடம் செய்துகொண்டு, தட்டுகளை அடுக்கிக்கொண்டு, தெருமுனை வரை போய் மூடியைத் திறந்தேன். ஒரு கேக்கிலும் செர்ரி இல்லை. சின்னவன் வாசலில் நின்று உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். இந்த வருஷம் சைவ வீடுகளுக்கெல்லாம் மலைத்தேன் போயிற்று. கூடுதலாக ஒரு பாட்டில் வாங்கியவன் தீர்க்கதரிசி என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

நடுவில் ஒரு ராத்திரி கேரல் வந்தது. பத்து மணி என்று சொன்னார்கள். பதினொன்று வரை பேண்ட் சட்டையோடு காத்திருந்து, இனி வர மாட்டார்கள் என்று கைலிக்கு மாறிப் படுத்தேன். அதற்காகவே தெருமுனையில் நின்றிருந்த மாதிரி டிரம் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கிறிஸ்மஸ் தாத்தா என் கையைப் பிடித்து ஆட இழுத்தார். ஒரு கையில் கைலி, ஒரு கையில் தாத்தா. அதை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். அன்பியத்துக் குழுவில் அது இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

24 ராத்திரி பூசைக்கு முதலில் தயாராவது நான். கடைசியில் போய்ச் சேர்வதும் நான், ஏனென்றால் வண்டியில் மற்றவர்களை இரண்டு நடையாகக் கொண்டுவிட வேண்டும். லூக்கா நற்செய்தி வாசிப்பார்கள். அகுஸ்து சீசர் குடிக்கணக்கு எடுக்கச் சொல்ல, சூசையப்பர் கர்ப்பிணி மனைவியை அழைத்துக்கொண்டு நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரை போய்ப் பெயர் பதிந்த கதை. எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும். அப்பா காலத்தில் ஒரு கலெக்டர் கையெழுத்துக்குக் கடலூர் போக வேண்டும். 1993க்கு அப்புறம் விழுப்புரம். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி பெத்லகேமே பஸ் ஸ்டாண்டு தூரத்துக்கு வந்தது. இப்படி ஆழ்ந்து தியானித்துக்கொண்டிருந்தபோது விலாவில் இடித்தது. சூசையப்பருக்குத் தூக்கத்தில் சம்மனசு வந்து சேதி சொல்லும், எனக்கு வீட்டுக்காரியின் முழங்கை.

வீடு திரும்பினோம். அதுவரை தீவனத் தொட்டியில் குழந்தை வைக்க மாட்டோம், பூசை முடிந்து வந்துதான் வைப்பது. "குழந்தைய எடுங்க" என்றாள். போன ஜனவரியில் மூணு ராஜா திருவிழா முடிந்ததும், பாலன் சுரூபம் உடையக் கூடாதென்று, தனியாக, மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தவன் நான். அவ்வளவு பத்திரமான இடம் என் நினைவுக்கே வரவில்லை. பரண், அரிசி டிரம், தையல் மிஷின் டிராயர், மருந்து டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்தோம். பட்டுப்புடவையோடு ஆளாளுக்குக் கட்டிலுக்கடியில். மாமியார் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நடுநடுவே மணியை நிறுத்தி, "ஏரோதுகூட இவ்ளோ தேடியிருக்க மாட்டான் மாப்ள" என்றார்.

கடைசியில் சின்னவன் கண்டுபிடித்தான். பீரோவில், வீட்டு வரி ரசீது ஃபைலுக்குள், பஞ்சு சுற்றிப் படுத்திருந்தார். குடிக்கணக்குக்காகப் போன இடத்தில் பிறந்தவர், வேறு எங்கே இருப்பார் என்று நான் வேதாகம விளக்கம் சொல்லப் பார்த்தேன். யாரும் கேட்கிற நிலைமையில் இல்லை. குழந்தையை வைத்து, ஒரு பாட்டுப் பாடி, கேக் வெட்டி, நான் தலையணையில் தலை வைக்கும்போது மணி இரண்டு தாண்டிவிட்டது. நாலரைக்கெல்லாம் பெருமாள் கோயிலில் மார்கழிப் பாட்டு ஆரம்பித்துவிடும். என்னைத் தூங்க விடக் கூடாது என்பதில் எங்கள் தெருவில் மத வேற்றுமை கிடையாது.

"ஏங்க" என்றது இருட்டுக்குள் ஒரு குரல். "அஞ்சு மணிக்கெல்லாம் கறிக்கடைக்குப் போயிடுங்க. அப்புறம் எலும்புதான் கெடைக்கும்."

சூசையப்பரையும் இப்படித்தான் ராத்திரியில் எழுப்பி எகிப்துக்கு அனுப்பினார்கள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார். அவருக்கென்ன, எகிப்தில் கறிக்கடை டோக்கன் கிடையாது.