தோற்கும் அணியின் நிர்வாகத்தை வைதல்: ஆம்பூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் ‘இதுவரை எவரும் ஆராயாத பொருள்’ என்றுதான் தொடங்குகின்றன. இதுவும் அப்படியே. ஒரே வேறுபாடு, இதில் அது உண்மை. கிரிக்கெட் அணியை வைவோர் பற்றி நம் வட்டாரத்தில் சான்றுகள் கொட்டிக் கிடக்கின்றன. அமெரிக்கக் கூடைப்பந்தில் (என்.பி.ஏ.) சாக்ரமென்டோ கிங்ஸ் அணியின் நிர்வாகத்தை ஆம்பூரில் உட்கார்ந்து வைவோரைப் பற்றி அறிஞர் எவரும் வாய் திறந்ததில்லை.

ஆய்வெல்லை: கிழக்கே ராணிப்பேட்டை, மேற்கே வாணியம்பாடி, ஊடே பாலாறு (நீர் இருப்பின்). 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது என் ஆய்வெல்லையும் மூன்று மாவட்டமாயிற்று. உதவித்தொகை ஆகவில்லை. கால எல்லை: மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே அணியை வாங்கிய 2013 மே தொடங்கி இன்றுவரை. தகவலாளிகள் மூவர்: ஆய்வாளர், ஆய்வாளரின் மைத்துனர், வைஃபை கொடுத்த பக்கத்து வீட்டு அண்ணன். மூவரும் ஒரே கருத்தைச் சொன்னதால் முடிவுகள் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை.

முதலில் நேரம். சாக்ரமென்டோவில் இரவு ஏழு மணிக்கு ஆட்டம் என்றால், பனிக்காலத்தில் நமக்குக் காலை எட்டரை. ஷூ கம்பெனிக்குள் ஆட்கள் நுழைகிற நேரம். ஆகவே இவ்வட்டார ரசிகன் முதல் கால் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு முழு ஆட்டத்துக்கும் சேர்த்து வைகிறான். நம் நூல் மதிப்புரைகள் பலவற்றின் ஆய்வுமுறையும் இதுவே என்பதால் இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

வசை நால்வகைப்படும் என்மனார் புலவர்: பயிற்சியாளரை நீக்கியதற்கு வைதல், வீரரை விற்றதற்கு வைதல், வீரரைத் தேர்ந்தெடுக்காததற்கு வைதல், சும்மா வைதல்.

நான்காவது வெளிப்படை. உரை வேண்டா.

முதலாவதைப் பார்ப்போம். ரணதிவே காலத்தில் இடைக்காலத்தாரையும் சேர்த்து மலோன், கார்பின், கார்ல், ஜோர்கர், வால்டன், ஜென்ட்ரி, பிரவுன், கிறிஸ்டி எனப் பயிற்சியாளர்கள் ஆளுக்கொரு நாற்காலிச் சூட்டோடு வந்தமர்ந்தனர். 2014 டிசம்பரில் நீக்கப்பட்ட மலோன், 2023இல் டென்வர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். அதே 2023இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் என்ற விருதை ஒரு வாக்கும் சிதறாமல் வாங்கிய மைக் பிரவுன், மறு ஆண்டு டிசம்பர் கடைசி வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ‘சம்பளம் வாங்கிட்டுச் சும்மா இருக்கணும்னா அங்க கோச்சா போகலாம்’ என்பது ஆய்வுலகின் முடிபு (டீக்கடைப் பலகை, இடப்புறம், ஆணிக்கீறல்).

இரண்டாவதற்கு ஒரு சான்று போதும். 2022 பிப்ரவரியில் ஹாலிபர்ட்டனை இந்தியானாவுக்கு அனுப்பினார்கள். 2025இல் அவர் அந்த அணியை இறுதிச்சுற்றுவரை இட்டுச்சென்றார். பதிலுக்கு வந்த சபோனிஸால்தான் பதினாறு பருவ வறட்சி 2023இல் தீர்ந்து பிளேஆஃப் கண்டோம் என்று மைத்துனர் கூறுவார். அந்தப் பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே தோற்றதை அவர் கூறார். எதற்கும் புறத்திணை தேடும் அறிஞர் ஒருவர், ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, தானே ஓட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊரில் விட்டுவருதலுக்குத் திணை வகுக்க இலக்கண ஆசிரியர்கள் மறந்தனர் என்று வருந்தினார். அவருக்கு அதற்காக ஒரு கருத்தரங்கு வாய்த்தது. கட்டுரை வாசிப்புக்கு ஐந்து நிமிடம், பொன்னாடைக்கு நாற்பது நிமிடம்.

மூன்றாவதே இவ்வாய்வின் உயிர்நிலை. அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட், 2018. பீனிக்ஸ் முதலில் ஏய்ட்டனை எடுத்தது. இரண்டாவது முறை கிங்ஸுடையது. ஸ்லோவேனியாவின் லூக்கா டான்சிச் பத்தொன்பது வயதில், ஐரோப்பாவின் பெரியவர்களோடு ஆடி யூரோலீக் கோப்பையும் சிறந்த வீரர் விருதும் வாங்கிக்கொண்டு எதிரே நிற்கிறான். அணியின் அப்போதைய பொது மேலாளர் டிவாட்ஸ் செர்பியர், அந்தப் பக்கத்து மனிதர். எடுத்தது பேக்லியை. மூன்றாவது முறையில் டான்சிச்சை அட்லாண்டா எடுத்து டல்லாசுக்குக் கைமாற்றியது. 2024இல் டல்லாஸ் இறுதிச்சுற்றில் நின்றது. பேக்லி அதற்குள் டெட்ராய்ட் வழியாக வாஷிங்டனுக்குப் போய்விட்டிருந்தார்.

இதை எவ்வாறு விளக்குவது? என் கருதுகோள் எளியது: நிர்வாகத்தில் தோல் பார்க்கத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை.

எங்கள் ஊரில் தோல் செலக்‌ஷன் செய்பவரைப் பார்த்திருக்கிறீர்களா? டியூப் லைட்டை நம்பமாட்டார். ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து மேசையைப் போட்டுக்கொள்வார். தோலை ஒரே வீச்சில் விரித்து, உள்ளங்கையால் கழுத்திலிருந்து வால்வரை ஒருமுறை தடவுவார். உண்ணி கடித்த புள்ளி, முள் கிழித்த கோடு, சூடு போட்ட தழும்பு எல்லாம் விரலுக்குத் தெரியும். வயிற்றுப் பக்கத்தை மடித்து, சுருக்கம் மெல்லியதாக விழுகிறதா, தொளதொளவென்று விழுகிறதா என்று பார்ப்பார். பின்பக்கம் தர எண்ணைக் கிறுக்கி அடுத்ததை இழுப்பார். எல்லாம் நீங்கள் ஒரு மிடறு டீ குடிக்கிற நேரம். உயரமான தோல், எகிறிக் குதிக்கிற தோல் என்றெல்லாம் அவரிடம் பேச்சில்லை.

அப்படிப்பட்ட பெரியவர் ஒருவரிடம் இருவரின் ஆட்டக் காட்சிகளையும் போனில் காட்டினேன். கூடைப்பந்தில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரியாது. டான்சிச் பந்தை நிறுத்தி, எதிராளி தாண்டிப் போகும்வரை காத்திருந்து, பிறகு எறிவதைப் பார்த்தவர், “இந்தப் பையன் அவசரப்படலையே தம்பி, இவன ஏன் விட்டாங்க?” என்றார். பேக்லிக்கு, “பெரிய சைஸு. செருப்புக்கு ஆகும்” என்றார். களஆய்வு இத்துடன் நிறைவுற்றது.

இக்கருதுகோளுக்கு, மேனேஜரை வையும் இலக்கியச் சான்று ஒன்றும் உண்டு (கம்பெனி பஸ், கடைசி இருக்கையின் முதுகு, பால்பாயிண்ட் பேனா, மூன்றாம் அடுக்கு எழுத்து, முதலிரண்டு அடுக்குகள் அகத்திணை சார்ந்தவை ஆதலின் ஈண்டு விலக்கப்பட்டன). இதற்கும் பழமையான பாடம் ஒன்று ஜோலார்பேட்டை பாசஞ்சர் ரயில் கழிவறைக் கதவின் உட்புறம் கிடைத்தது. அதில் ‘மேனேஜர்’ என்னும் இடத்தில் ‘டேமேஜர்’ என்று பாடவேறுபாடு. பின்னதே மூலபாடம் என்பர் ஒரு சாரார். படியெடுத்தோன் பிழை என்பர் இன்னொரு சாரார். இரு சாராரும் பேச்சுவார்த்தையில் இல்லை. ரயில்வே பெயிண்ட் அடித்துவிட்டதால் அப்பதிப்பு இப்போது அச்சில் இல்லை. ஆகவே மறுப்பதற்கும் வழியில்லை.

நடுவுநிலை கருதி ரணதிவே பக்கத்தையும் சொல்ல வேண்டும். அணி சியாட்டிலுக்குப் பெயர்ந்துபோகாமல் காத்தவர் அவர். இந்தியாவில் நடந்த முதல் என்.பி.ஏ. ஆட்டங்களுக்கு, 2019 அக்டோபரில், தம் அணியை மும்பைக்கே அழைத்துவந்தார். முதல் நாள் அரங்கம் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் கண்ணெதிரே கிங்ஸ் கூடுதல் நேரம்வரை இழுத்து, 132க்கு 131 என்று ஒரு புள்ளியில் தோற்றார்கள். மறுநாள் 130க்கு 106. பிள்ளைகளுக்கு இளமையிலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற கல்விக் கொள்கையாக இதைக் கொள்ளலாம். தடுப்பாட்டத்தை நாலு பேரே பார்த்துக்கொள்ள, ஐந்தாமவரை எதிரணிக் கூடைக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைக்கலாமே என்று ரணதிவே யோசனை சொன்னதாகவும் 2014 வாக்கில் செய்திகள் வந்தன. ஐந்தாமவர் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்பது பக்கத்து வீட்டு அண்ணன் கருத்து.

பரிந்துரை ஒன்றே ஒன்று. கிங்ஸ் நிர்வாகத்தார் ஆம்பூரிலிருந்து ஒரு செலக்‌ஷன் ஆளை அழைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் வரச் சம்மதித்துவிட்டார். ஜன்னல் ஓரமாக ஒரு மேசை, வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு விடுப்பு, சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். வேறு எதுவும் கேட்கவில்லை. டிராஃப்ட் வழக்கமாக ஜூனில் நடக்கும். விசாவுக்கு நாளாகும் என்பதால் நிர்வாகத்தார் சீக்கிரம் கடிதம் போடவும்.