ஒரு துணைக்கால் இல்லாத குறை

லீட்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு,

குளிரைப் பற்றிப் போன கடிதத்திலேயே புலம்பித் தீர்த்தாயிற்று. இது உங்கள் போர்டு எழுதும் தொழில் சமாசாரம்.

இந்த யார்க்‌ஷயர் சீமையில் பேச்சையே கடையில் வைத்து விற்கிறார்கள். காபிக் கோப்பை, துணிப்பை, பாத்திரம் துடைக்கிற துண்டு, எதை எடுத்தாலும் 'ஏ அப்' என்று கொட்டை எழுத்து. 'என்னப்பா, சௌக்கியமா' என்று அர்த்தம். மூலையில் ஒரு தட்டைத் தொப்பி, ஒரு ஒல்லி நாய். எங்கள் தெருவில் இரண்டையும் பார்த்ததில்லை. ஆனால் தொப்பி போடாத யார்க்‌ஷயர் விலைபோகாது போலிருக்கிறது.

'தி' என்ற சொல்லை இங்கே பல பேர் முழுசாகச் சொல்வதில்லை. தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறப்பார்கள், விக்கல் வந்து பாதியில் நின்ற மாதிரி. அதை எப்படி எழுதுவது? ஒரு 'டி' எழுத்து, அதன் தோளில் ஒரு மேற்குறி, அதாவது அபாஸ்ட்ரபி. 'அது டின்னில் இல்லை' என்பது காதில் 'டின்டின்டின்' என்றுதான் விழும். மேற்குறிகள்தான் அதை வாக்கியமாக்குகின்றன. நானாக இருந்தால் எழுத்தைச் சிறிசாக்கி, மேற்குறியை ஆளுயரத்துக்கு வரைவேன்.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பீங்கான் ஊர். அங்கே 'பந்தைச் சுவரில் உதைத்து, வெடிக்கும்வரை தலையால் முட்டுவாயா' என்ற கேள்வியைக் கோப்பையில் அச்சடிக்கிறார்கள். பந்து என்கிற 'பால்' 'போ' ஆகிவிட்டது, சுவர் என்கிற 'வால்' 'வோ' ஆகிவிட்டது. ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை மனப்பாடம் செய்தவன் அதில் காபி குடித்தால் புரையேறும்.

வட்டாரப் பேச்சை வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். இதே லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹெரல்ட் ஆர்ட்டன் தலைமையில் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களுக்குப் போய், பெரும்பாலும் வயதான கிராமத்து ஆட்களிடம் 1,300 கேள்விகளுக்குமேல் கேட்டு, பதில்களை ஒலிக்குறியில் எழுதிக்கொண்டார்கள். அந்தத் தகவல்களை வைத்துப் பிறகு வரைபடங்களில் கோடு போட்டார்கள். குளியலுக்கு வடக்கே 'பத்', தெற்கே 'பாத்'. நீங்கள் ஒரு துணைக்கால் இழுத்தால் தீர்ந்தது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்! தெற்கத்தியாரைக் கிண்டல் செய்ய வடக்கத்தியார் நடுவில் ஒரு 'ஆர்' எழுத்தைச் செருகி அச்சடிக்கிறார்கள். வேறு வழி?

ஒரு வேண்டுகோள். தகரத்தில் 'ஏலே' என்று எழுதி அனுப்புங்கள். வாசலில் மாட்ட வேண்டும். சிவப்பில் மஞ்சள் நிழல் விட்டு. 'லே'யை எவ்வளவு இழுப்பது என்பது உங்கள் இஷ்டம், தபால் செலவு என்னுடையது. தொப்பி, நாய் வேண்டாம்.

அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
மருமகன்