ஒத்துக்கறேன்னு அமுத்து, கண்ணு!

ஏங்கண்ணு, மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்திருக்கறே? கம்பெனிக்காரன் ரவையோட ரவையா அப்டேட் அனுப்பிச்சானாமா, விடிஞ்சு பாத்தா டிவியில நேத்து வரைக்கும் இருந்த வசதியக் காணமாமா. இதுக்குப் போயா இந்த அழுகை? சந்தோசப்படு சாமி. நீ தூங்கறப்பக்கூட உன்னைய நெனச்சு ஒருத்தன் முழிச்சுட்டு இருக்கறான். அம்பது வருசம் குடித்தனம் பண்ணியும் உங்கம்மாயி என்னைய அப்படி நெனச்சதில்ல.

அப்புச்சி சொல்றன், கேட்டுக்க. மொதல் காரியம், அவன் அனுப்பற நிபந்தனையப் படிச்சுப் போடாதே. பாவம், ஊர்ப்பட்ட வக்கீலை வெச்சு யாருக்கும் புரியப்படாதுன்னு பாடுபட்டு எழுதியிருக்கறான். நீ பாட்டுக்குப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டீன்னா அவன் மனசு நோகாதா? ‘ஒத்துக்கறேன்’னு பெருசா பொத்தான் வெச்சிருப்பான், அமுத்து. ‘வேண்டாம்’ங்கறதையும் எங்கயோ மூலையில வெச்சிருப்பான். என்ற மூக்குக் கண்ணாடிக்கு இதுவரைக்கும் அது தட்டுப்படலெ.

எங்க காலத்துல இந்த நாகரிகமெல்லாம் தெரியாது. கண்ணபுரம் சந்தைக்குப் போவோம். துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு வெலை பேசிப் பணத்தை எண்ணிக் குடுத்து, கவுத்த வாங்கியாச்சுன்னா மாடு நம்முளுது. வித்தவன் அக்கட்டால போயிருவான். அவனே ஆறு மாசங் கழிச்சு ரவைக்குத் தொண்டுப்பட்டிக்குள்ள பூந்து, ‘மாட்டோட பாதுகாப்புக்குத்தானுங்க, ஒரு காம்பை மட்டும் அடச்சுப் போட்டனுங்க’ன்னு சொன்னா உட்டிருப்பமா? புளியமரத்துல கட்டி வெச்சுத்தான் மத்த பேச்சு. நாங்க படிக்காத கூட்டம். நீங்க படிச்சவங்க, அஞ்சு நச்சத்திரம் குத்தி ‘அருமையான அப்டேட்’னு எழுதறீங்க.

இது உனக்கு மட்டும் நடந்துதுன்னு நெனச்சுக்காதே. ரவைக்குத் தூக்கம் புடிக்காத கெழவன் நானு, கையில போன் இருக்குது, என்னத்தையாவது படிச்சுட்டுத்தான் கெடப்பேன். சோனிக்காரன் 2006 நவம்பர்ல பிளேஸ்டேஷன் 3-ன்னு ஒரு பொட்டி கொண்டாந்தான். பெரிய பொட்டி அமெரிக்காவுல 599 டாலர். வெளையாட்டு மட்டுமில்ல, லினக்ஸ் ஏத்துனா கம்ப்யூட்டராவும் பொழங்கிக்கலாம்னான். அதுக்குன்னே மெனுவுல எடமும் வெச்சிருந்தான். அதை நம்பிச் சாதாரண சனம் மட்டுமா வாங்குச்சு? அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக்கூடமே 1,700-க்கு மேல வாங்கிக் கோத்து, சூப்பர் கம்ப்யூட்டர் ஒண்ணு கட்டிப்போட்டாங்க.

2010 சனவரியில ஜார்ஜ் ஹாட்ஸ்னு இருவது வயசுப் பையன் ஒருத்தன், அந்தப் பொட்டியோட பூட்டைத் தொறந்துட்டேன்னு சொன்னான். சோனிக்காரன் என்ன பண்ணுனான்? தொறந்தவன் ஒருத்தன், ஆனா கதவைச் சாத்துனது அத்தனை பேருக்கும். 3.21-னு ஒரு அப்டேட் உட்டு, லினக்ஸ் ஏத்தற வசதியையே எடுத்துப்போட்டான். காரணம் கேட்டா பாதுகாப்பு. தேதி ஏப்ரல் 1. நல்ல நாள் பாத்துத்தான் வெச்சிருக்கறான்.

இதுல ஒரு ஒணத்தியான விசயம் இருக்குது கேளு. அந்த அப்டேட் கட்டாயமில்லையாமா! உனக்கு வேணும்னா போட்டுக்க, வேண்டாம்னா உட்ரு. போடாட்டி என்ன, இணையத்துல சேந்து ஆட முடியாது, புதுசா வர்ற ஆட்டம் ஓடாமப் போவும், சில புது ப்ளூ-ரே தட்டும் ஓடாமப் போவும், அவ்வளவுதான். காசு குடுத்து வாங்குன ரெண்டு வசதியில எதைச் சாவடிக்கறதுங்கறது உன்ற இஷ்டம். இத்தனை சுதந்திரத்தை எவன் குடுப்பான்?

சனம் கலிபோர்னியாவுல கேஸ் போட்டுது. 2011-ல தள்ளுபடி. மேல்முறையீட்டுக் கோர்ட்டு 2014-ல பாதி உசுரு குடுத்துச்சு. 2016-ல ஒரு சமாதானம் பேசுனாங்க. லினக்ஸ் ஏத்துனதுக்கு ருசு காட்டுனா 55 டாலர், வசதி இருக்குதுன்னு நம்பி வாங்குனவனுக்கு 9 டாலர். நீதிபதியம்மாவுக்கே அது பொறுக்கலெ, செல்லாதுன்னுட்டாங்க. கடைசியா 2018-ல 37.5 லட்சம் டாலர்னு முடிவாச்சு. வக்கீலுக மூணுல ஒரு பங்கு வரைக்கும் கேட்டது போவ, ஆளுக்கு மிஞ்சிப் போனா 65 டாலர். எட்டு வருசம்! அன்னைக்குப் பொறந்த கொழந்தை மூணாங்கிளாஸ் போயிருக்கும்.

ஆனா இங்கிலாந்துல ஒருத்தன் இருந்தான் பாரு, அவன் கெட்டிக்காரன். சோனியோட மல்லுக்கட்டவே இல்ல. நேரா, தனக்கு அந்தப் பொட்டிய வித்த அமேசான்கிட்டப் போனான். ‘விக்கறப்போ சொன்ன காரியத்துக்கு இப்ப இது ஆவறதில்ல, ஐரோப்பியச் சட்டம் இப்படிச் சொல்லுது’ன்னு வக்கணையா ஒரு கடுதாசி. வெலையில அஞ்சுல ஒரு பங்கு திரும்பி வந்துருச்சு. பொட்டியும் அவன்கிட்டயே. அதுவும் அதே 2010 ஏப்ரல்ல. மத்தவங்கெல்லாம் கோர்ட்டுக்கு நடையா நடக்கறப்போ அவன் காசை வாங்கி மடியில கட்டிக்கிட்டான். இதை மனசுல முடிஞ்சு வெச்சுக்க.

சோனிக்காரன் மட்டும் ஒசத்தியா, மத்தவன் மட்டமா? 2016 செப்டம்பர்ல எச்.பி. பிரிண்டருக பல பேரு ஊட்டுல ஒரே நாள்ல நின்னுபோச்சு. அவன் அனுப்புன மென்பொருள், வேற கம்பெனி மை டப்பாவைக் கண்டா வேலை செய்யமாட்டேன்னுருச்சு. கூச்சல் எழும்புனதும் மன்னிப்புக் கேட்டு, வேணும்கறவன் அந்தத் தடைய எடுத்துக்கறாப்பல இன்னொரு அப்டேட் தந்தான். அதே வருசம் மே மாசம், 300 டாலர் குடுத்து வாங்குன ரிவால்வ்னு ஒரு ஊட்டுக் கருவிய, அந்தக் கம்பெனிய வாங்குன நெஸ்ட் நிறுவனம் ஒரேயடியா நிறுத்திருச்சு. லைட்டு, பூட்டையெல்லாம் ஓட்டுன பொட்டி, ராத்திரியோட ராத்திரியா வெறும் டப்பா. அமேசான் 2009-ல கிண்டில்ல வித்த பொஸ்தகத்தையே திரும்பப் புடுங்கிக்கிச்சு. எந்தப் பொஸ்தகம்னு கேக்கறயா? ஆர்வெல் எழுதுன ‘1984’. சர்க்காரு ஊட்டுக்குள்ள எட்டிப் பாத்துப் பழசையெல்லாம் அழிக்கற கதை. கதைய எதுக்குப் படிக்கோணும், நடத்தியே காட்டறோம்னு நெனச்சாங்க போல. அமேசான் மொதலாளி பெசோஸ், ‘முட்டாத்தனம் பண்ணிப்போட்டோம்’னு பின்னால ஒத்துக்கிட்டாரு. பெரிய மனுசன்.

அதுக்காவ அப்டேட்டே போடாதேன்னு நாஞ் சொல்லலெ. திருடன் பூர்ற ஓட்டைய அடைக்கறது வேணும்தான். போடாம உட்டீன்னா பேங்க் கணக்கு காலியாயிரும். வம்பு எங்கன்னா, ஓட்டை அடைக்கற வேலையையும் உன்ற வசதியப் புடுங்கற வேலையையும் ஒரே மூட்டையில கட்டி அனுப்பறான் பாரு, அங்கதான். ஒண்ணை எடுத்துக்கிட்டு ஒண்ணைத் தள்ள வழியில்ல. போட்டப்பொறவு பழசுக்குத் திரும்பவும் உடமாட்டான். ரெண்டையும் தனித்தனியா அனுப்புன்னு கேட்டா, ‘தொழில்நுட்பம் உங்களுக்குப் புரியாதுங்க ஐயா’ம்பான். புரியுது சாமி, நெம்ப நல்லாவே புரியுது.

கேக்கற ஊர்ல கேக்கத்தான் செய்யறாங்க. பழைய பேட்டரி ஐபோனோட வேகத்தைச் சொல்லாமக் கொள்ளாமக் கொறச்சதா ஆப்பிளே 2017 டிசம்பர்ல ஒத்துக்கிச்சு. இத்தாலிக்காரன் மறுவருசமே ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ, அதே மாதிரி அப்டேட் சங்கதிக்குச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ தண்டம் போட்டான். 2020-ல அந்த மை டப்பா சங்கதிக்கு எச்.பி.க்கும் 1 கோடி. நம்மூர்ல 2025 சனவரியில, ஐஓஎஸ் 18 போட்டப்பொறவு போன் கோளாறு பண்ணுதுன்னு பொகார் குமிஞ்சு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்புச்சு. பரவால்ல, நம்மாளுங்களும் முழிச்சிருக்கறாங்க.

நம்ம சட்டத்துல அப்டேட்டுக்குன்னு தனிப் பிரிவு இல்லதான். ஆனா 2020 சூலையிலிருந்து நடைமுறையில இருக்கற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சரக்குல ‘குறைபாடு’ன்னா என்னன்னு சொல்ற எடத்தைப் படிச்சுப் பாரு. வியாபாரி எந்த விதத்துலயாவது சொன்ன தரம் சரக்குல இல்லாட்டி அது குறைபாடுதான். எந்த விதத்துலயாவது! பொட்டி மேல அச்சடிச்சது, டிவி வெளம்பரத்துல நடிகன் சொன்னது, கடைப் பையன் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனது, எல்லாத்தையும் புடிக்கப் பாக்கலாம். ‘வித்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு’ன்னு அவன் வாதாடுவான். வாதாடட்டும். வித்தப்பொறவு ஊடு பூந்து எடுத்தவனே அவன்தானேன்னு நீ கேளு. தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும்னு நாஞ் சோசியம் சொல்லமாட்டேன், ஆனா அவன் பதில் சொல்லித்தான் தீரோணும். அந்த நீளமான நிபந்தனைக் காயிதமும் தேவவாக்கு இல்ல. ஒரு பக்கத்துக்கே சாதகமா இருக்கற ஒப்பந்தம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’னு அதே சட்டத்துல இருக்குது. அதுக்கு மட்டும் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பத்தாது, மாநில ஆணையத்துக்குப் போவோணும்.

செரி, நீ இப்ப என்ன பண்ணோணும்? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுக் கத்தாதே. அவனே பாவம் சம்பளத்துக்கு இருக்கறவன், உன்ற கத்தலைக் கேட்டுப் பழகுனவன். எல்லாத்தையும் எழுத்துல கேளு. ‘இன்ன தேதியில இன்ன வசதிய எடுத்தீங்க, எதுக்கு, எப்பத் திரும்பக் குடுப்பீங்க’ன்னு வித்தவனுக்கு ஒண்ணு, செஞ்சவனுக்கு ஒண்ணு. மரியாதையா எழுது, மரியாதைக்குப் பயப்படறாப்பல வேற எதுக்கும் கம்பெனிக்காரன் பயப்படமாட்டான். பதில் வரலயா, 1915-க்குப் போன் போடு, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலயா, மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூர்ல இருக்குது, டில்லியில இருக்குதுன்னு மலைக்காதே, நீ குடியிருக்கற எடத்துலயே போடலாம். 5 லட்சம் ரூவா வரைக்குமான சரக்குக்குக் கட்டணம் கெடையாது. வக்கீலும் கட்டாயமில்ல, உனக்குத்தான் வாயி இருக்குதே. ரெண்டு வருசத்துக்குள்ள போட்டிரோணும், அது மட்டும் மறந்துறாதே.

எந்திரி இப்போ. டிவி வந்த அட்டைப் பொட்டியும் பில்லும் பரண் மேல கெடக்குதான்னு பாரு. பழைய பேப்பர்க்காரன் நாளைக்கு வர்றானாமா, உங்கம்மா எடைக்குப் போடறதுக்குள்ள எல்லாப் பக்கத்தையும் போட்டோ புடிச்சு வெச்சுப்போடு.