வில்லியனூரில் புது ஆர்க்கிட் கண்டுபிடிப்பது எப்படி?

உலகம் அறியாத ஆர்க்கிட் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டதா? நல்லது. வீட்டில் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். நீலகிரிக்கோ அகத்தியமலைக்கோ டிக்கெட் போடவும் வேண்டாம். வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ ஸ்கூட்டரில் கிளம்பினால் போதும். ஏரிக்கரையில் புளியும் வேம்பும் இருக்கும்; ஊருக்கு வெளியே அய்யனாரைச் சுற்றித் துண்டுக் காடு ஒன்று மிஞ்சியிருக்கும். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடங்கள். கழுத்து வலித்தால் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள்.

யோகம் இருந்தால் ஒரு கிளையில் தடித்த வேர்கள் வெளுத்துத் தொங்கும். இலைகள் இரண்டு வரிசையாக வார் வாராக விரிந்திருக்கும். நடுவே பூங்கொத்து: இதழ்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கட்டம், உதடு எனப்படும் கீழ் இதழ் மட்டும் நீலம். கை நடுங்காமல் படம் எடுங்கள். அதற்குள் டீக்கடையிலிருந்து ஒருவர் வந்திருப்பார்.

"அந்தப் புல்லுருவியையா தம்பி படம் புடிக்கிற? மரத்தையே உறிஞ்சிடும், வெட்டிப் போடு."

"இது புல்லுருவி இல்ல பெரியப்பா. சும்மா மரத்து மேல உக்காந்திருக்கு. சாறெல்லாம் உறிஞ்சாது."

"சும்மா உக்காந்திருக்கிறதைத்தான் நாங்க புல்லுருவின்னு சொல்றது."

இந்த விவாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். தாவரவியல் உங்கள் பக்கம்தான். ஆனால் ஊர் அவர் பக்கம்.

அடுத்து, படத்தை ஃபேஸ்புக்கில் போட்டு, 'உலகிலேயே முதன்முறையாக' என்று எழுதி, நிருபர் ஒருவருக்கும் போன் செய்யத் தோன்றும். தாராளமாகச் செய்யுங்கள். லைக் விழும், மாமனார் வீட்டில் மரியாதை கூடும். தாவரப் பெயரிடல் விதித்தொகுப்பு மட்டும் உங்களைச் சீண்டாது. 1953 முதல் செய்தித்தாளில் வெளியிட்ட புதுப் பெயர் செல்லாது என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பெயர் செல்லாமல் போனதும் ஒரு வகையில் நல்லதே. நீங்கள் பார்த்த பூவை கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பரோ 1795-லேயே தம் சோழமண்டலக் கரைத் தாவர நூலில் படம் போட்டு வெளியிட்டுவிட்டார். அவர் வைத்த பெயர் எபிடென்ட்ரம் டெஸ்ஸெலாட்டம். 1820-ல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் அதையே வாண்டா ராக்ஸ்பர்கியை என்றார். இன்று அது வாண்டா டெஸ்ஸெலாட்டா. ஒரே பூ, மூன்று பெயர், நான்காவதாக நீங்கள்.

புது இனத்தை விவரிப்பதில் காட்டில் அலைவது சிறுபங்கு. பெரும்பங்கு, மனை வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிற வேலை. லின்னேயஸின் 1753-ஆம் ஆண்டு நூல் தொடங்கி இன்றுவரை யாராவது இதே செடிக்குப் பெயர் வைத்திருக்கிறார்களா என்று தோண்ட வேண்டும். ஆர்க்கிடுகளில் மட்டும் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் இனங்கள். கைவிடப்பட்ட பெயர்கள் தனிக் கணக்கு. ஆகவே பஸ் ஏறிப் புதுச்சேரி நகரத்துக்குப் போங்கள். கடற்கரைக்கு வெகு அருகே, செயின்ட் லூயி வீதியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே ஹெர்பேரியத்தில் காய்ந்த செடிகள் அட்டை அட்டையாக அடுக்கியிருக்கும். காட்டில் கிடைக்காத ஞானம் ஃபேன் போட முடியாத அந்த மாதிரி அறைகளில்தான் பிறக்கிறது.

செடியை அட்டையில் ஏற்றுவது தனிக் கலை. பழைய நாளிதழுக்கு நடுவே வைத்து அழுத்தினால் சாதாரணச் செடி சில நாளில் காயும். ஆர்க்கிட் அப்படியல்ல, இலையிலும் தண்டிலும் தண்ணீர் வைத்துக்கொண்டு தாளுக்குள்ளேயே உயிரோடு கிடக்கும். முதலில் வெந்நீரில் முக்கியெடுக்க வேண்டும். பூவை ஆல்கஹாலில் போட வேண்டும். புதுச்சேரிக்காரருக்கு இதில் என்ன கஷ்டம் என்று கேட்காதீர்கள். கடைச் சரக்கு 42.8 சதவீதம், பூவுக்கு 70 வேண்டும். பூ நம்மைவிடக் குடிகாரன்.

பிறகு ஒரு பூவை லென்ஸுக்கு அடியில் பிரியுங்கள். நடுத்தூணின் நுனியில் குட்டித் தொப்பி ஒன்று இருக்கும். ஊசியால் தொப்பியை நீக்கி முனையைத் தொட்டால், இரண்டு மஞ்சள் உருண்டைகள் காம்போடு ஊசியில் ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் மகரந்தம். வண்டின் தலையில் ஒட்ட வேண்டியது உங்கள் ஊசியில் ஒட்டியிருக்கிறது. உருண்டை எத்தனை, உதட்டின் நீளம் எத்தனை மில்லிமீட்டர், நெருங்கிய உறவுச் செடியிலிருந்து எதில் வேறுபடுகிறது என்றெல்லாம் எழுதுங்கள். 'கண்ணைப் பறிக்கும் அழகு' என்பதை எழுதாதீர்கள்; அதற்கு அளவுகோல் கிடையாது.

எழுத வேண்டிய மொழி? 1935 முதல் 2011 வரை லத்தீன் கட்டாயம். 2012 முதல் லத்தீன் அல்லது ஆங்கிலம். தமிழ் செல்லாது. பிரெஞ்சும் செல்லாது, புதுச்சேரியின் பழைய எஜமானர்களுக்கும் நமக்கும் இந்த ஒரு விஷயத்திலாவது சமத்துவம் கிடைத்தது. இனத்துக்கு ஆதாரமாக ஒரு மாதிரிச் செடியைச் சுட்டி, அது எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும்.

செடியைப் பறித்தவருக்கே பெருமை சேரும் என்று நம்பினால் சாமுவேல் பெரோத்தேயை நினைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரித் தாவரவியல் பூங்காவைக் கவனித்து, 1870-ல் இங்கேயே இறந்தவர். நீலகிரி ஏறி ஆர்க்கிடுகளைச் சேகரித்தது அவர். 1841-ல் பாரிசில் அவற்றை விவரித்து எழுதியவர் அஷீல் ரிஷார். பெயருக்குப் பின்னால் நிற்பது ரிஷார். பெரோத்தேக்குக் கிடைத்தது ஹாபெனேரியா பெரோத்தேயானா முதலான சில செடிகளுக்குள் ஓர் இடம். மோசமில்லை.

உங்கள் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடையில்லை. ஊர் சிரிக்கும், அவ்வளவுதான். மச்சான் பெயரை வைப்பதற்கு முன் கோவிந்துவின் கதையைக் கேளுங்கள். ராபர்ட் வைட்டின் தாவர நூல்களுக்குப் படம் வரைந்த நம் நாட்டு ஓவியர் அவர். வைட் நன்றியோடு ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே கோவிந்தூயியா என்று பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் வில்லங்கம் பார்த்தார்கள். தாவரவியலாளர் லிண்ட்லி ஏற்கெனவே டிராபிடியா என்று பெயர் வைத்திருந்த கூட்டத்தில் அது அடக்கம் என்று தெரிந்தது. மூத்த பெயர் நின்றது; கோவிந்து அடிக்குறிப்புக்குப் போனார். எனக்கு இதில் இன்றும் வருத்தம்தான். விதிக்கு வருத்தம் கிடையாது.

இத்தனையும் தாண்டி உங்கள் செடி உண்மையிலேயே புதிதாக இருந்தால், இடத்தைத் துல்லியமாக அச்சில் போடாதீர்கள். 'பாகூர் ஏரியின் கிழக்குக் கரை, மூன்றாவது புளியமரம்' என்று எழுதினால் கட்டுரையைப் படிப்பவர்களில் ஒருவராவது அரிவாளோடு வருவார், நர்சரிக்காரரும் வருவார். 'புதுச்சேரிப் பகுதி' என்றால் போதும். கிளை கழிக்க வருகிறவர்களிடம் லத்தீன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. மரத்தில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டி, "இது சாமி மரம்ணே" என்று சொல்லுங்கள். டீக்கடைப் பெரியப்பாவும் ஆமாம் என்பார்.