குத்துமதிப்புக்குத் தசமப்புள்ளி வைத்தவர்களுக்கு

பெறுநர்: திட்ட மேலாண்மை அலுவலகம், ஏழாம் தளம் (ஏசி ஒழுங்காக ஓடும் தளம்).
பொருள்: ஸ்டோரி பாயின்ட் விளைச்சல் பெருகியமை, நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா, அம்மா,

வேலையின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்லும் ஸ்டோரி பாயின்ட் ஒன்று என்றால் எட்டு மணி நேரம் என்றும், காலாண்டுக்கு 20 சதவீதம் வெலாசிட்டி கூட வேண்டும் என்றும் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. உடனே நிறைவேற்றினோம். ஸ்பிரின்ட்டுக்கு 34 பாயின்ட் முடித்துக்கொண்டிருந்த நாங்கள் இப்போது 55 முடிக்கிறோம். கேட்டது 20, தந்தது 60க்கும் மேல். கூடுதலாக ஒரு வரி கோட் எழுதவில்லை. 2 போட்ட இடத்தில் 3, 5 போட்ட இடத்தில் 8, அவ்வளவுதான். பக்கத்து டீம் 70ஐத் தொட்டுவிட்டதாகக் கேள்வி. அங்கே ஒரு பட்டனின் நிறத்தை மாற்றுவது 8 பாயின்ட்.

பாயின்ட் பிறந்த கதையையும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் தொடங்கிய காலத்தில் வேலையை நாள் கணக்கில்தான் சொன்னார்கள். யாரும் வந்து தொந்தரவு செய்யாத, கற்பனையான ஒரு நாள். அந்த ஒரு நாள் வேலை முடிய நிஜத்தில் மூன்று நாள் பிடிக்கும். "ஒரு நாள்தானே என்றாய்?" என்று மேலிடத்தில் குழம்பினார்கள். நாள் என்ற பேச்சே வேண்டாம் என்று பாயின்ட் என்றார்கள். இது அந்தக் காலத்தில் உடனிருந்த ரான் ஜெஃப்ரிஸ் சொல்லும் வரலாறு. ஒருவேளை தானே அதைக் கண்டுபிடித்திருந்தால் வருந்துவதாகவும் 2019இல் எழுதினார். மேலிடத்தின் கண்ணில் நாள் படாமலிருக்கப் பிறந்த பாயின்ட்டைத் தாங்கள் எட்டால் பெருக்கி மறுபடி மணியாக்கிவிட்டீர்கள். பாவம், அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். 2020 ஸ்க்ரம் வழிகாட்டியில் ஸ்டோரி பாயின்ட் என்ற சொல்லே கிடையாது என்பதை ஆடிட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்ல வேண்டாம்.

அடுத்து, ஒரு வேலைக்கு எத்தனை பாயின்ட் என்று முடிவு செய்யும் சீட்டாட்டம். 2002இல் ஜேம்ஸ் கிரெனிங் வகுத்த பிளானிங் போக்கரில் சீட்டைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பெரியவர் வாயிலிருந்து ஒரு எண் விழுந்துவிட்டால் மற்றவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்களே, அதற்காக. எங்கள் வழக்கம் வேறு. லீட் முதலில், "இது மூணுதானேப்பா?" என்பார். பிறகு ஏழு பேரும் பரம ரகசியமாக 3ஐ எடுப்போம். ஒருமித்த கருத்துள்ள டீம் என்று தாங்கள் பாராட்டியது இதைத்தான்.

ஒரே ஒரு தடவை பிசகிவிட்டது. சேர்ந்து நாலு மாதமான பெண் 13ஐத் திருப்பினாள். மற்ற ஆறும் 3. விலகி நிற்பவர் காரணம் சொல்ல வேண்டும் என்பது ஆட்ட விதி. "பழைய கஸ்டமர்களோட ஃபோன் நம்பர் ரெண்டு டேபிள்ல வேற வேறயா இருக்கேண்ணா, எது சரின்னு யார் சொல்வாங்க?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. வாஸ்தவத்தில் அந்தக் கேள்வி வருவதற்காகத்தான் அந்த ஆட்டமே. ஆனால் மீட்டிங் நேரம் முடிந்துவிட்டது. சராசரி எடுத்தோம், 4.43. சீட்டுக்கட்டில் 13க்கு அடுத்து, முந்தைய இரண்டையும் கூட்டி வர வேண்டிய 21 வராது, 20தான் வரும். 21 என்றால் அளந்து பார்த்தவன் சொன்ன மாதிரி தெரியும் என்று, அந்தக் கட்டை வகுத்த மைக் கோன் வேண்டுமென்றே உருட்டிய எண் அது. தங்கள் எக்செலுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 4.43ஐ அப்படியே வாங்கிக்கொண்டது.

அந்த வேலை மூன்று ஸ்பிரின்ட் இழுத்தது, எந்த நம்பர் சரி என்று விசாரிப்பதிலேயே. நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ கூட்டத்தில் 'மதிப்பிடும் திறன் மேம்பட வேண்டும்' என்று ஒரு ஆக்‌ஷன் ஐட்டம் எழுதி, அதை அந்தப் பெண் பேரில் போட்டோம்.

எங்கள் தெருவில் வேலை பார்க்கும் கொத்தனாரிடம் பழைய வீட்டைக் காட்டி எத்தனை நாளாகும் என்று கேட்டால், "பூச்சைக் கொத்திப் பார்த்துட்டுச் சொல்றேன் சார்" என்கிறார். அவரிடம் எந்தச் சர்டிபிகேட்டும் இல்லை. அதே மாதிரி, தெரியாத வேலையை இரண்டு நாள் கொத்திப் பார்க்க விடலாம். பெரிய ஸ்டோரியைப் பிளந்து சிறிதாக்கலாம். போன மாதம் எத்தனை முடிந்தன என்று விரல்விட்டு எண்ணலாம். டீமையும் டீமையும் ஒரே தராசில் நிறுக்காமல் இருக்கலாம். இவற்றில் எதற்கும் டாஷ்போர்டு தேவைப்படாது என்பதால் தங்களுக்கு உவப்பாக இராது, அறிவேன்.

இப்படிக்கு,
55 பாயின்ட் டீமில் ஒருவன்

இணைப்பு: 13ஆம் எண் சீட்டு ஒன்று. அந்தப் பெண் இப்போதெல்லாம் 3ஐயே எடுப்பதால் இது எங்களுக்குத் தேவைப்படவில்லை.