சாந்தியை முந்தியவர்கள்

தடகளத்தைக் காக்கும் பெரியவர்களே, காரைக்கால் கோவில்பத்திலிருந்து ஒரு வாழ்த்து. உங்கள் வேகத்துக்கு முன் யார் நிற்க முடியும்?

2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கினார். செங்கல் சூளைக் கூலிகளின் மகள் அந்த இரண்டு நிமிடத்துக்காகப் பல வருடம் ஓடியிருந்தார். நீங்கள் சில நாளிலேயே அவரை முந்திவிட்டீர்கள். பாலினச் சோதனை, முடிவு, பதக்கப் பறிப்பு என்று ஒரே மூச்சு!

உங்கள் தாராளமும் பெரிது. மருத்துவரின் அறைக்குள் இருக்க வேண்டியதை டீக்கடை வரை கொண்டு சேர்த்தீர்கள். ஒரு பெண்ணின் உடம்பை ஊரே பேசியது. உங்கள் கண்டிப்போ அதற்கும் மேல். 2012-ல் அதே சாந்தி நாளுக்கு 200 ரூபாய்க்குச் சூளையில் வேலை செய்தபோதும் நீங்கள் இளகவில்லை.

எங்கள் ஊர் காரைக்கால் அம்மையார் எலும்புருவாகிக் கயிலைக்குத் தலையால் நடந்து போனார். இது யார் என்று உமை கேட்க, சிவன் அந்த உடம்பைச் சோதிக்கவில்லை. “அம்மையே” என்று அழைத்தார். பாவம், அவரிடம் உங்களைப் போல ஆய்வகம் இல்லை.

சாந்தி திருநங்கை அல்ல, பெண்ணாகவே வளர்ந்தவர். திருநங்கையர் பெண்கள் பிரிவில் ஓடலாமா என்பது வேறு கேள்வி, கடினமான கேள்வி. பக்கத்துத் தடத்தில் ஓடும் பெண்ணுக்கும் நியாயம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆணாகப் பருவமெய்திய பிறகு மாறியவர்களை உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் விலக்கியது. 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையும் வந்துவிட்டது. விதி எதுவானாலும் ஓடுவதற்கு முன்பே சொல்லுங்கள், கதவை மூடிக்கொண்டு சொல்லுங்கள். காரைக்கால் கடற்கரையில் விடியலில் செருப்பை மணலில் கழற்றி வைத்துவிட்டு ஓடும் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன்.

ஒடிசாவின் ஓட்டக்காரர் டூட்டி சந்த்தையும் 2014-ல் இப்படித்தான் நிறுத்தினீர்கள். அவர் விளையாட்டு நடுவர் மன்றம் போனார்; 2015-ல் அவரைத் தடுத்த ஹார்மோன் விதியே நிறுத்திவைக்கப்பட்டது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார்.

சாந்தியின் ஒரு வெள்ளி இன்னும் திரும்பி வரவில்லை.